துன்ப காலத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளுதல்: மலையகக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தோட்டக் கோயில்களிலும், லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) நடக்கும் ஜெபக் கூட்டங்களிலும், இழவு வீட்டு வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேட்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாரும் உண்டு, அண்மைக் காலத்தில் பெருகியுள்ள பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. துன்பம் சபை பார்த்து வருவதில்லை என்பதால் பதில்களும் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுக்கு மேலும் மேலும் கஷ்டம் வருகிறது. இது எங்கள் பாவத்துக்கான தண்டனையா, அல்லது விசுவாசக் குறைவா?

இந்தக் கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி வருகிறது. அந்தப் பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படி அல்ல என்று தாமே பதிலும் சொல்கிறார். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று கேட்டபோதும் (யோவான் 9) அவர் அந்தக் கணக்குக்குள் இறங்க மறுத்துவிட்டார்.

மலையகத்தில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான வேறு இடத்தில் வீடு மட்டும் கிடைத்திருக்கவில்லை. இப்படிப்பட்ட நிகழ்வுக்குப் பிறகு யாராவது ஒருவர் எழுந்து, இறந்தவர்களின் வாழ்க்கையில் குற்றம் தேடத் தொடங்கினால், அவர் அறிந்தோ அறியாமலோ, அவர்களை அந்த இடத்திலேயே குடியிருக்க விட்டவர்களின் பொறுப்பை மறைத்துவிடுகிறார். ஆபத்தான சரிவில் லயம் கட்டியது யார், அதை மாற்றாமல் விட்டது யார் என்ற கேள்விகளுக்குப் பதில் தோட்டத்தின் கோப்புகளில் இருக்கும்போது அதைக் கடவுளின் கோபத்தில் போய்த் தேடுவது வேதத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

தன் தவறினால் வரும் துன்பம் என்று ஒன்று இல்லாமலில்லை. கசிப்புக்கும் சாராயத்துக்கும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் அரிசி இல்லை என்பவருக்குக் காரணம் தெரியும். அவர் மனந்திரும்ப வேண்டியதுதான். ஆனால் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதே பட்டினி வருகிறது; அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. யோபுவின் நண்பர்கள் செய்த பிழை இந்த வேறுபாட்டைப் பார்க்காததுதான். அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் கண்டிப்பது, புலம்பிய யோபுவை அல்ல. யோபு ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக வாதிட்டவர்களையே.

கேள்வி: கடவுள்மேல் கோபம் வருகிறது. இப்படி நினைப்பதே பாவமாயிருக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். சங்கீதப் புத்தகத்தில் துதிப் பாடல்களைவிடப் புலம்பல் பாடல்களே அதிகம் என்பதைப் பல ஆராதனைகளில் நாம் மறந்துவிடுகிறோம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதமாவது ஆறு வசனங்களுக்குள் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதேயில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, நண்பர்களும் விலகிப்போன இருட்டிலேயே அது முடிந்துவிடுகிறது. அப்படி முடிகிற ஜெபத்தையும் வேதம் ஜெபமாகவே வைத்திருக்கிறது. யாரும் அதன் கடைசியில் ஆறுதலாக ஒரு வரியைச் சேர்க்கவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான்.

நம் தோட்டங்களில் இதைப் புரிந்துகொள்ளப் பெரிய வியாக்கியானம் தேவையில்லை. இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி சொல்லும் அம்மாக்கள், செத்தவரைத் திட்டுவார்கள், சாமியைக் கேள்வி கேட்பார்கள், துரையையும் (தோட்ட நிர்வாகியையும்) கங்காணியையும் வந்த பாதையையும் இழுப்பார்கள். அவர்களை நம்பிக்கையற்றவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஒப்பாரியைக் கிறிஸ்தவ மரணங்களில் விலக்க வேண்டும் என்று சில இடங்களில் கற்பிக்கப்படுகிறது. அதனால் நாம் எதையும் பெறவில்லை, துக்கத்துக்கு இருந்த ஒரு வாசலை அடைத்ததுதான் மிச்சம் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

கோபத்தோடு பேசுவதற்கும் பேச்சையே நிறுத்திவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. கோபப்படுகிறவர் இன்னும் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறார்.

கேள்வி: எப்பொழுதும் மகிழ்ச்சியாயிருங்கள் என்று வேதம் சொல்கிறதே? துக்கமாயிருப்பது கீழ்ப்படியாமை இல்லையா?

இதற்கு வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரம். “அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்” என்று தொடங்கி, வயல் விளையாவிட்டாலும் தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று அவர் சொல்வதைச் சுவரில் தொங்கும் கலண்டரில்கூட அச்சிடுகிறோம். அச்சிடாமல் விடுவது அதற்கு முந்தின வசனம். அங்கே அவருடைய குடல் குழம்புகிறது, உதடுகள் துடிக்கின்றன, கால் நடுங்குகிறது. அதற்கும் முன்னே, முதல் அதிகாரத்தில், கொடுமையென்று நான் கூப்பிடுகிறேன், நீர் இரட்சியாமலிருக்கிறீரே என்று அவர் முறையிடுகிறார். நடுக்கமும் முறையீடும் மகிழ்ச்சியும் ஒரே மனிதருக்குள் இருந்தவை.

2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, தேயிலை விளைச்சல் விழுந்தபோது, குறித்த கொழுந்து கிலோ சேராமல் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பெண்களுக்கு ஆபகூக்கின் வார்த்தை தூரதேசத்துக் கவிதையாக இருந்திருக்காது. அடுத்த ஆண்டில் கோதுமை மா விலை ஏறி, ரொட்டியே எண்ணிச் சுட வேண்டிய நிலை வந்தது. அந்த நாட்களில் முகத்தில் சிரிப்பு இல்லாதவர்களைக் கண்டித்த பிரசங்கங்கள் ஆபகூக்கின் கடைசி மூன்று வசனங்களை மட்டும் வாசித்தவை என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பதால் கோயிலுக்கும் போக முடிவதில்லை.

அறிந்த ஜெபத்தைச் சொல்லுங்கள்: கர்த்தருடைய ஜெபம், செபமாலை, ஒரு ஞானப்பாட்டின் முதல் அடி, எதுவானாலும். அதுவும் முடியாத நாளில், வேண்டிக்கொள்ள அறியாதபடியால் ஆவியானவரே நமக்காகப் பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது. அதை நம்பி உறங்கப் போய்விடலாம். கொழுந்து மிகுந்த பருவத்தில் ஞாயிறு வேலைக்குப் பெயர் கொடுத்தவரைச் சபை குறைசொல்வதைவிட, அந்த வாரத்தில் மாலையில் லயத்துக்கே வந்து ஒரு ஆராதனை நடத்துவது நல்லது. உபதேசியார்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

கேள்வி: சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்தார்கள். இனி மருந்து எடுத்தால் விசுவாசமில்லை என்று சொன்னார்கள். நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. சீனி வியாதி, பிரஷர், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கான மருந்தை டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தினால் உயிரே போகலாம்.

ஏசாயா தீர்க்கதரிசி எசேக்கியா ராஜாவின் புண்ணுக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன குடிக்க வேண்டும் என்று எழுதினார். துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதினார். அந்த நோயாளியின் விசுவாசத்தைப்பற்றி ஒரு சொல்லும் குறைவாக அவர் சொல்லவில்லை. பவுலே தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்றுமுறை வேண்டியும் நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதிலே கிடைத்தது. ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் பவுலையும் விசுவாசமில்லாதவர் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சுகம் கிடைத்ததாக உணர்ந்தால் நன்றி சொல்லுங்கள், பிறகு கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள். உண்மையான சுகம் இரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது.

கேள்வி: கடன் கழுத்துவரை இருக்கிறது. தசமபாகம் கொடுத்தால் கடன் தீரும் என்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

கிழமைக்குக் கிழமை வசூலிக்க வருகிற நுண்கடன், அடகுக்கடையில் இருக்கும் தோடு, கைமாற்று வாங்கிய வட்டிக் காசு என்று மூன்று பக்கமும் இழுபடும் குடும்பத்திடம், கொடுத்தால்தான் ஆசீர்வாதம் திறக்கும் என்று சொல்வதைப் போன்ற கடினமான வார்த்தை வேறு இல்லை. ஏழை விதவை இரண்டு காசைப் போட்ட சம்பவத்தை இதற்கு மேற்கோள் காட்டுகிறார்கள். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்தச் சம்பவத்துக்கு நேர் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைக் குறித்து இயேசு எச்சரிக்கிறார். உடனே அடுத்த காட்சியில் ஒரு விதவை தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் பெட்டியில் போடுகிறாள். அவளுடைய மனதை இயேசு மதித்தார் என்பதில் சந்தேகமில்லை. அவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்ட அமைப்பை அவர் மதித்தார் என்பதற்கு அங்கே எந்த ஆதாரமும் இல்லை.

கடனைப்பற்றி வேதம் விரிவாகப் பேசும் இடம் நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம். பஞ்சத்தில் தானியம் வாங்கத் தங்கள் வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாக விட்ட மக்கள் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா அவர்களுக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை, காணிக்கை கேட்கவுமில்லை. மிகவும் கோபங்கொண்டு, கடன் கொடுத்த பெரியவர்களைக் கூட்டி, நிலங்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக்கொடுக்கச் செய்கிறார். கடன்பட்டவருக்கு விசுவாசம் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

ஆகவே நம்முடைய ஆலோசனை இது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பள்ளிச் செலவுக்கும் முதலிடம் கொடுங்கள். காணிக்கைத் தட்டு வரும்போது மனமுவந்து ஐந்து ரூபா போடுவதும், போடாமல் விடுவதும் உங்கள் சுதந்திரம். கடன் விவரத்தை வீட்டில் மறைக்காமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். புதிய கடன் வாங்கிப் பழைய கடன் கட்டுவதை நிறுத்த, கணக்குத் தெரிந்த ஒருவரின் உதவியைக் கேளுங்கள். சபைகள் தங்கள் பங்காக, வட்டியில்லாத சிறு சேமிப்புச் சங்கங்களைத் தொடங்கலாம். மரண உதவிச் சங்கத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்த நம் மக்களுக்கு இது புதிய வித்தையல்ல.

கேள்வி: சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்வது, கூட்டங்களுக்குப் போவது, இவை கிறிஸ்தவப் பொறுமைக்கு எதிரானவை அல்லவா?

பொறுமையைக் குறித்து அதிகமாக மேற்கோள் காட்டப்படும் யாக்கோபு 5:7, நீடிய பொறுமையாயிருங்கள் என்கிறது. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால் அதே யாக்கோபு, “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று நிலச்சொந்தக்காரர்களைப் பார்த்து எழுதுகிறார். பொறுமையாயிரு என்ற புத்தி அந்தக் கூக்குரல் கேட்டபிறகு சொல்லப்படுகிறது. கூக்குரலை அடக்குவதற்காகச் சொல்லப்படவில்லை. உபாகமம் 24 ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுக்கச் சொல்கிறது. கூலி நியாயமாகக் கேட்கப்படுவது வேதத்துக்கு அந்நியமான விஷயம் இல்லை.

மலையகத்தில் துன்பம் என்பது பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் தீர்மானித்தபோது, போக வேண்டியவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இவற்றையெல்லாம் கடவுளின் சித்தம் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளச் சொல்வது, சட்டம் எழுதியவர்களின் கையெழுத்தைக் கடவுளின் கையெழுத்தாக மாற்றுவதாகும்.

திருச்சபைக்குள்ளேயே இதை வேறுவிதமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இயேசு சபைக் குருவான போல் கஸ்பேர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரும் தமிழரும் தோட்ட மக்களின் உரிமைகளைச் சேர்ந்து பேசும் இடமாக அதை வளர்த்தார். அதே ஆண்டில் உருவாக்கப்பட்ட பதுளை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார வந்தார். வசதியான மறைமாவட்டத்தை விட்டு வறிய மறைமாவட்டத்துக்கு வந்தவர் அவர். இவர்கள் தமிழரல்லர் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

எல்லாப் போராட்டமும் பரிசுத்தமானது என்று இங்கே சொல்லவில்லை. தலைவர்கள் சந்தாவுக்காகவும் வாக்குக்காகவும் நடத்தியவை உண்டு, வேலைக்குப் போனவரை அடித்தவையும் உண்டு. கிறிஸ்தவர் அவற்றில் கலந்துகொள்ளும்போது பொய்யும் அடிதடியும் தன் கையால் நடக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) பேசிய உண்மையைத் துரையின் ஒபிசிலும் மாற்றாமல் பேச வேண்டும். அந்த அளவில் விசுவாசம் காப்பாற்றப்படும்.

கேள்வி: நம் முன்னோர் எங்களைவிடப் பெரிய கஷ்டத்தில் எப்படி விசுவாசத்தைக் காத்தார்கள்?

மலைநாட்டில் கிறிஸ்தவத்தின் கதையே சிறையில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீச ஒற்றன் என்ற சந்தேகத்தில் அடைத்து வைக்கப்பட்டார். பின்னர் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்று ஊழியம் செய்தார். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவி, உறவினர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர் அவர்களைத் தேடிப்போய்க் கழுவி, சாப்பாடு கொடுத்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார். மதம் எதுவென்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரிடம் கற்க வேண்டியது அற்புதங்களைவிட அந்த அம்மைநோய்க் காலம்தான். பயந்து கதவடைக்க எல்லா நியாயமும் இருந்த நாட்களில் அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

தோட்டத் தமிழரின் கதை அதற்குப் பிந்தியது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டு, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையிலேயே விழுந்தார்கள். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டு, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, மாலையில் லயத்து வாசலில் அரிக்கன் விளக்கு வைத்து வேதம் வாசித்தவர்களும், பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்களும் இவர்களே. அந்த மிஷனுக்குப் பணம் கொடுத்தவர்களில் தோட்டத் துரைமார் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கீழ்ப்படிகிற கூலியாள் வேண்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் எகிப்திலிருந்து அடிமைகளை வெளியே கொண்டுவந்த கடவுளின் கதையைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, அதைக் கேட்டவர்கள் கீழ்ப்படிதலை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

முன்னோரிடம் நம்மிடமில்லாத ஏதோ இரும்பு விசுவாசம் இருந்தது என்று நினைத்து நம்மைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம். குடித்தவர்களும், சபையை விட்டவர்களும், மனம் முறிந்தவர்களும் அவர்களிலும் இருந்தார்கள். தனியாக நிற்க முடியாது என்று தெரிந்திருந்தது ஒன்றே அவர்களுடைய பலம்.

கேள்வி: பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இந்து உறவினர்கள், குலசாமியை விட்டதால்தான் உங்களுக்கு இந்த நிலை என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வாதாட வேண்டாம். நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள்தான் தண்ணீர் சூடாக்கப் போகிறீர்கள், உங்கள் வீட்டில் இழவு விழுந்தால் அவர்கள்தான் பந்தல் போட வருவார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் பயத்தில் வந்த அக்கறை. அதே கணக்கை நாமும் திருப்பிப் போட்டு, அவர்களுக்குத் துன்பம் வரும்போது விக்கிரகத்தால் வந்தது என்று சொல்லிவிடுகிறோமே, அதை முதலில் நிறுத்த வேண்டும். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் அவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வருகிறது. இதை யாரிடமும் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

சொல்லுங்கள், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூதன் அவரைத் தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் கொடுத்தான். அவர் சாப்பிட்டு மறுபடியும் உறங்கினார். மறுபடியும் சாப்பாடு வந்தது. கேள்விகளும் கட்டளைகளும் அதற்குப் பிறகே வந்தன.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். ஆதார வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக்குகள் உண்டு. இப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால், உடனே பாவம், நரகம் என்று பேசத் தொடங்காதீர்கள். அன்று இரவு அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள். வீட்டிலுள்ள களைநாசினி, பூச்சிமருந்து, அதிகமான மாத்திரைகள் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். அடுத்த நாள் வைத்தியசாலைக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் இழந்தவரைப் பார்க்கப் போகும்போது என்ன பேச வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்த பிறகு, பாடசாலை வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தவர்களிடம் எத்தனையோ பேர் போய் ஆறுதல் சொன்னார்கள். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாட்கள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

“கடவுள் ஒரு கதவை மூடினால்”, “தாங்கக்கூடியதைத்தான் கொடுப்பார்”, “உங்களைக் காப்பாற்றினாரே, நன்றி சொல்லுங்கள்” என்ற மூன்றையும் தவிர்த்துவிடலாம். கடைசியாகச் சொன்னது, பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரியின் காதிலும் விழும். அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை நிறைய உண்டு. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணோடு போயிருக்கும். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போய், சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவர் நிரப்பிக் கொடுக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப்பற்றி என்ன எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று விசாரித்துச் சொல்லலாம். பெண்களுக்குத் தேவையான பொருட்களை வெட்கப்படாமல் கேட்டு வாங்கிப் போகலாம். முப்பதாம் நாளும், வருஷமும், அதற்கடுத்த மழைக்காலமும் வரும். அப்போது போகிறவர்கள் குறைவு என்பதால் நீங்கள் அப்போதும் போக வேண்டும்.

கேள்வி: 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கோயிலுக்குள் உட்கார்ந்தாலே பயமாயிருக்கிறது. பயம் அவிசுவாசமா?

அல்ல. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு பயப்படாதிருப்பதுதான் ஆச்சரியம். வாசலருகே உட்காருங்கள், பையைச் சோதிப்பவரிடம் சினக்காதீர்கள். அந்தப் பயத்தைக் காரணம் காட்டி முஸ்லிம் கடைக்காரரிடம் சாமான் வாங்குவதை நிறுத்தியவர்கள் பயத்திலிருந்து வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். அதை மட்டும் நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: இவ்வளவும் கேட்ட பிறகும் எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பு வந்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். இயேசு அவனிடம் முதலில் அவிசுவாசத்தைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்லாமல் பிள்ளையைக் குணமாக்கினார்.

முழு வேதாகமத்தையும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிட வேண்டாம். 13ஆம், 42ஆம், 88ஆம் சங்கீதங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இரவுகளில் சத்தமாக வாசியுங்கள்; பிறகு புலம்பலின் மூன்றாம் அதிகாரம்; பிறகு மாற்கு சுவிசேஷம், அது குறுகியது. வாசிக்கத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். முடிந்தால் வேலை முடிந்த ஒரு மாலையில் இரண்டு மூன்று குடும்பங்களாக ஒரே காம்பராவில் கூடி வாசியுங்கள். விளக்கம் சொல்ல ஐயர் (போதகர்) வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.